நீண்டகால விளையாட்டுப் பயிற்சி, மூளை உணர்ச்சிகளைக் கையாளும் முறையை மாற்றுகிறதா?

தடகளப் பயிற்றுநர்:
நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். பல ஆண்டுகள் பயிற்சி பெற்றவர்களுக்கு அச்சம் போன்ற உணர்ச்சிகளை எழுப்பும் மூளைப்பகுதியான அமிக்டலா அடங்கியும், அதைக் கட்டுப்படுத்த உதவும் முன்நெற்றிப் புறணி வலுத்தும் இருக்கும், ஆகவே அவர்கள் எளிதில் கலங்கமாட்டார்கள் என்று பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி சொல்லக் கேட்கிறேன். களத்தில் பார்க்கும்போது அது உண்மையாகவே தோன்றுகிறது. ஆனால் அதே வீரர்கள் ஒரு கடுஞ்சொல்லுக்கு மற்றவர்களைப் போலவே, சில வேளைகளில் மற்றவர்களைவிட அதிகமாகவே, உடைந்துபோகிறார்கள். பயிற்சி உணர்ச்சிக் கட்டுப்பாட்டையே மாற்றுகிறதா, அல்லது களத்துக்கு மட்டும் பழக்கிவிடுகிறதா?

நரம்பியல் மாணவி:
வீரர்களையும் விளையாடாதவர்களையும் ஒரே ஒருமுறை ஸ்கேன் செய்து ஒப்பிடும் ஆய்வுகளே இத்துறையில் மிகுதி. அவற்றில் தெரியும் வேறுபாடு பயிற்சியால் வந்ததா, அல்லது எளிதில் பதறுபவர்கள் இளமையிலேயே விலகிவிட, இயல்பிலேயே நிதானமானவர்கள் மட்டும் எஞ்சினார்களா என்பதைப் பிரித்தறிய இயலாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்த ஆய்வுகளில் 2011இல் வெளிவந்த ஒன்று புகழ்பெற்றது. முதியவர்கள் 120 பேரில் ஓராண்டு நடைப்பயிற்சி செய்த குழுவினருக்கு ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதியின் முன்பகுதி சுமார் 2 விழுக்காடு பெரிதானது. தசைநீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியது. நினைவாற்றலோடு, மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் சுரப்பை அடக்குவதிலும் ஹிப்போகாம்பஸுக்குப் பங்கு உண்டு. ஆயினும் அவர்கள் உடலுழைப்பு குறைந்த முதியவர்கள். அம்முடிவை உங்கள் ஓட்டக்காரர்கள்மேல் அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது.

விளையாட்டு உளவியலாளர்:
ஐயா, களத்தில் நீங்கள் காண்பது அமைதிதானா என்பதை முதலில் ஐயுற வேண்டும். உணர்ச்சியைக் கையாளும் வழிகளுள் இரண்டை உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998இல் ஒப்பிட்டுக் காட்டினார்: நிகழ்வுக்கு வேறு பொருள் கொடுத்துப் பார்ப்பது ஒன்று, முகத்தில் தெரியாமல் அடக்குவது மற்றொன்று. அருவருப்பூட்டும் படம் பார்க்கையில் அடக்கியவர்களின் முகத்தில் அது அதிகம் தெரியவில்லை, ஆனால் உள்ளே இருந்த அருவருப்பு குறையவில்லை, உடலின் கிளர்ச்சியோ கூடியது. எதிராளிக்குச் சோர்வைக் காட்டாதே என்று சிறு வயதிலிருந்தே சொல்லி வளர்க்கப்படும் வீரர் பெரும்பாலும் கற்பது இரண்டாவதைத்தான்.

முதல் வழியும் களத்தில் பழகுகிறது, மறுப்பதற்கில்லை. படபடக்கும் நெஞ்சை அச்சமென்று கொள்ளாமல் ஆயத்தமென்று கொள்ள ஓட்டக்காரர் கற்றுக்கொள்கிறார். ஆனால் அந்தப் புதிய பொருள் தொடக்கக்கோடு, தூரம், போட்டியாளர் ஆகியவற்றோடு பிணைந்தது. வீட்டில் கேட்கும் கடுஞ்சொல்லுக்கு அது தானாக வந்து உதவுவதில்லை. 2021இல் டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகாவும் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸும் மனநலத்தை முன்னிட்டுப் போட்டிகளிலிருந்து விலகியபோது, இவ்வளவு பயிற்சி பெற்றவர்களுக்கா என்று வியந்தவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை என்பது என் கருத்து.

மாலைநேர ஓட்டக்காரர்:
ஓடும்போது உடலில் சுரக்கும் இன்பமூட்டும் பொருளான எண்டார்ஃபின் நாள்தோறும் சுரப்பதால் மனம் நிலையாகவே மாறிவிடும் என்கிறார்களே?

நரம்பியல் மாணவி:
ஓட்டம் முடிந்தவுடன் வரும் இன்பம் வேறு, ஆண்டுக்கணக்கில் நிகழும் மாற்றம் வேறு. இரண்டு மணிநேரம் ஓடியவர்களின் மூளையில் எண்டார்ஃபின் உள்ளிட்ட இயற்கை ஓபியாய்டுகள் சுரப்பதற்கான சான்றை 2008இல் ஒரு ஜெர்மானியக் குழு, மூளையின் வேதிச் செயலைப் படமாக்கும் பெட் ஸ்கேன் மூலம் கண்டது. எலிகளில் 2015இல் நடந்த ஆய்வோ, ஓட்டத்துக்குப் பின் பதற்றம் தணிவதற்குக் கன்னாபினாய்டு ஏற்பிகளே (கஞ்சாவில் உள்ளவற்றை ஒத்த, உடலே சுரக்கும் பொருள்களை ஏற்பவை) தேவை என்றது. இரண்டுமே உடனடி விளைவைப் பற்றியவை.

தடகளப் பயிற்றுநர்:
அப்படியானால் களத்துக்கு வெளியே ஏற்படும் இந்த உடைவுக்குப் பயிற்சிச் சுமையே காரணமாக இருக்கக்கூடுமா?

விளையாட்டு உளவியலாளர்:
கூடும். நீச்சல் வீரர்களைப் பல பருவங்களாகக் கவனித்த விளையாட்டு உளவியல் ஆய்வாளர் வில்லியம் மார்கன், பயிற்சித் தொலைவு கூடக்கூட மனநிலை குலைவதையும், போட்டிக்கு முன் சுமை குறைக்கப்பட்டதும் அது மீள்வதையும் 1987இல் பதிவு செய்தார். நலமாக உள்ள வீரரிடம் உற்சாகம் மட்டும் உயர்ந்தும், இறுக்கம், சோர்வு, சினம், குழப்பம் முதலியவை தாழ்ந்தும் இருக்கும்; மிகைப்பயிற்சியில் இந்த வடிவம் தலைகீழாகும். வாரந்தோறும் சிறு மனநிலை வினாப்படிவம் ஒன்றை நிரப்பச் சொல்லி, ஓடிய தூரக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். சுமையைக் குறைத்த பிறகும் கலக்கம் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.