செம்பு முதலில் உருகியது அடுப்பிலா, சூளையிலா?

கரிமூட்டம்:
ஆதிமனிதன் அடுப்புக்குப் பச்சைக்கல்லை முட்டுக் கொடுத்தானாம், விடிந்து பார்த்தால் சாம்பலுக்குள் செம்பு ஓடிக் கிடந்ததாம். இந்தக் கதையை இன்னும் எத்தனை நாள் பகிர்வீர்கள்? செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். சோறு பொங்குகிற நெருப்புக்கு அது எட்டாது. குயவர் சூளையில்தான் நடந்திருக்கும்.

ஊதாங்குழல்:
அடுப்புக் கதை வேண்டாம், சரி. சூளை மட்டும் எப்படி? சூடு இருந்தால் போதாதே. மாலகைட் என்கிற அந்தப் பச்சைக்கல்லிலிருந்து செம்பைப் பிரிக்கக் கார்பன் மோனாக்சைடு வேண்டும், காற்றுப் போதாமல் கரி எரிந்தால்தான் அந்த வாயு வரும். பானை சிவக்க வேகிற சூளையில் காற்று தாராளம். கல் கறுத்துப் போகும், அவ்வளவுதான்.

கரிமூட்டம்:
கறுப்புப் பானையை மறந்துவிட்டீர்கள். செர்பியாவின் வின்சா மக்கள் காற்றை அடைத்துப் பானையைக் கறுக்கச் சுட்டவர்கள். அவர்களுடைய பெலோவோடே குடியிருப்பில்தான் கி.மு. 5000 வாக்கில் செம்பு உருக்கிய கசடு கிடைத்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஊதாங்குழல்:
அந்தக் கசடு எதில் ஒட்டியிருந்தது என்றும் சொல்லுங்கள். உடைந்த பானை ஓட்டில். தரையில் குழி, சுற்றிலும் ஓடு, மூச்சுப்பிடித்து ஊதக் குழல்: ஆய்வாளர்கள் ஊகிக்கும் உலை இதுதான். எகிப்தில் சக்காராவிலுள்ள மெரெருகா என்கிற பழங்கால அமைச்சரின் கல்லறைச் சுவர்ச் சிற்பத்திலும் உலோகம் உருக்குகிறவர்கள் தீயைச் சுற்றி உட்கார்ந்து குழல்தான் ஊதுகிறார்கள்.

போன தை மாதம் கொல்லையில் நானே செய்து பார்த்தேன். ராசிக்கல் கடை மாலகைட்டை இடித்து, உடைந்த பூந்தொட்டி ஓடு பதித்த குழியில் அடுப்புக்கரியோடு போட்டேன். முதல் தடவை ஊதவில்லை. வெறும் கறுப்புப் பொடி. அடுத்த தடவை ஹேர் டிரையரை இரும்புக் குழாயில் மாட்டி ஒரு மணி நேரம் ஊதினேன். கசடை உடைத்தால் கடுகளவில் நாலைந்து மணிகள். சுத்தியால் தட்டினேன், நொறுங்கவில்லை, தட்டையானது. உரசினால் செக்கச்செவேல்! (திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.)

களிம்பு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். துருக்கியின் சாயோனுவில், உருக்கத் தெரிவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே, இயற்கையாகக் கிடைத்த செம்பைக் காய்ச்சித் தட்டி மணி செய்தார்கள். பச்சைக்கல்லிலும் மணி கோத்தார்கள். செம்பில் பச்சையாகக் களிம்பு ஏறுவதைப் பார்த்தவனுக்கு இரண்டும் உறவு என்று தோன்றாதா? தெரிந்தேதான் நெருப்பில் போட்டிருப்பான்.

கரிமூட்டம்:
தோன்றினால் போதுமா? வட அமெரிக்கப் பேரேரிகளின் கரையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செம்பைத் தட்டியே ஈட்டிமுனை செய்தார்கள், கல்லை உருக்கும் வேலைக்கே போகவில்லை. கைக்குப் பழகிய நெருப்புத்தொழில் வேண்டும். ஊதாங்குழல் சாருக்கும் ஒரு கேள்வி: உங்கள் குழியில் பதித்த ஓட்டைச் சுட்டது யார்? குயவர்தானே?

ஊதாங்குழல்:
ஆமாம், பூந்தொட்டி செய்தவர். செம்பைக் கண்டுபிடித்தவர் என்று அவருக்கே மாலை போட்டுவிடலாமா?