லீச்சிங் ஃப்ராக்சன்: கசிவுப் பின்னமா, அலசுநீர்ப் பங்கா?

> கலைச்சொல் பட்டியலில் லீச்சிங் ஃப்ராக்சன் (leaching fraction) பதிவுக்குக் 'கசிவுப் பின்னம்' என்று வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. வாய்க்காலில் ஊறி வீணாகும் நீருக்குத்தான் பாசனத்தில் கசிவு என்கிறோம். இது வேறு. பாய்ச்சிய நீரில் எத்தனை பங்கு வேர்மண்டலத்தைத் தாண்டிக் கீழிறங்கி உப்பையும் கூட்டிப்போகிறது என்ற கணக்கு. 'மண்ணை அலசி விடணும்' என்ற பேச்சு வழக்கை ஒட்டி 'அலசுநீர்ப் பங்கு' எனலாம். குறைந்தது எவ்வளவு அலசவேண்டும் என்பது 'அலசுநீர்த் தேவை'. முன்னது வயலில் நடப்பது, பின்னது நடக்கவேண்டியது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது.

தக்காளியை எடுத்துக்கொள்வோம். நீர் நிறைந்த மண்கூழின் சாற்றில் மின்கடத்துதிறன் (உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) மீட்டருக்கு 2.5 டெசிசீமென்ஸைத் தாண்டினால் விளைச்சல் இறங்கும். கிணற்று நீரில் அதே அளவு 2 இருந்தால், வழக்கமான வாய்பாட்டின்படி அலசுநீர்த் தேவை 2 ÷ (5 × 2.5 − 2), அதாவது 0.19. பயிரும் வெயிலும் நாளுக்கு 6 மி.மீ. எடுத்தால், 6 ÷ (1 − 0.19) போட்டு 7.4 மி.மீ. விடவேண்டும்.

---

அலசுநீர் சரி. ஆனால் விளக்கத்தில் பாசனமுறையைச் சேர்க்காவிட்டால் அந்த 0.19 ஆளை ஏமாற்றிவிடும். சொட்டுநீரில் உப்பு முழுக்கக் கீழே போவதில்லை. ஈரம் பரவி நிற்கும் இடத்தில் வெள்ளையாகப் பூக்கிறது. சொட்டுவானுக்கு நேர் கீழே மண் எடுத்தால் சோதனை முடிவு அழகாக வரும். ஒரு சாண் தள்ளியும் எடுத்துப் பார்க்கவேண்டும். லேசான தூறல் அந்த உப்பை வேருக்கே திருப்பி விடும். அதனால்தான் தூறும்போது சொட்டுநீரை நிறுத்தாமல் ஓட்டச் சொல்வது (பக்கத்துத் தோட்டக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்). பார் (சால்களுக்கு இடையே உயர்த்திய மேடு) போட்டுப் பாய்ச்சினால் உப்பு பாரின் உச்சிக்கு ஏறும். நாற்றை உச்சியில் வைக்காமல் சரிவில் நடுவது அதற்காக. ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சினால் காய்ந்த சால் பக்கமாக ஒதுங்கும். இந்த உப்பு சேருமிடத்துக்கு 'உப்பு விளிம்பு' என்று தனிச்சொல் வைக்கலாமே?

---

வைக்கலாம், பாருக்கும் பொருந்துகிறது. பாத்தி நிறையப் பாய்ச்சினால் விளிம்பு இல்லாமல் ஓரளவு சீராக அலசும். ஆனால் அலசிய நீர் போக வழி வேண்டும். ராஜஸ்தானின் இந்திரா காந்தி கால்வாய்ப் பகுதியில், நீர் புகாத படிவு அடியில் இருந்த இடங்களில் நிலத்தடி நீர் ஏறி, நல்ல நிலம் ஊறி உப்பாயிற்று. நீர்மட்டம் சுமார் 2 மீட்டருக்குள் வந்துவிட்டால் மண்ணின் நுண்துளை வழியே உப்பு தானாகவே மேலேறும். அங்கே அலசுநீர்ப் பங்கைக் கூட்டுவது நோயைக் கூட்டுவதுதான். முதலில் வடிகால்.

---

இன்னொன்று. இந்தக் கணக்கு 'உவர் நிலத்துக்கு' (கரையும் உப்பு மிகுந்த நிலம்) என்று பதிவிலேயே எழுதிவிடுங்கள். களர் நிலத்தில் சோடியம் களிமண்ணைக் கலைத்துத் துளைகளை அடைத்துவிடும், எத்தனை நீர் விட்டாலும் மேலேயே தேங்கும். ஜிப்சம் இட்டு மண்ணில் கலந்த பிறகுதான் அலசல். 'பின்னம்' வேண்டாம், 'பங்கு' போதும்.