சயாலேக்கள் வாங்குவது அரிசியா, சோறா? (விநயநேசன் ஐயாவுக்கு ஒரு பதில்)

ரங்கூன்பேரன்:
நேற்று வேறொரு இழையில் விநயநேசன் ஐயா போகிற போக்கில் இப்படி எழுதியிருந்தார்: “பர்மாவில் இளஞ்சிவப்பு உடுத்தி வாசல் வாசலாக அரிசி வாங்கும் பெண்கள் துறவிகளே அல்லர், மொட்டை அடித்த இல்லத்தரசிகள்.” படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அதனால்தான் தனி இழை.

என் அப்பத்தா 1964-ல் கப்பலேறும் வரை ரங்கூனில்தான் இருந்தார். உபோசத நாளுக்கு (பௌத்தர்களின் விரத நாள்) முந்தைய இரண்டு நாளும் சயாலேக்கள், அதாவது அந்த இளஞ்சிவப்புப் பெண் துறவிகள், தெருவில் வரிசையாக வருவார்களாம். அப்பத்தா வீட்டு அரிசிப்பானையில் ஒரு கரண்டி எப்போதும் கிடக்கும், ஆளுக்கு ஒரு கரண்டி அரிசி. நாங்கள் பௌத்தர்கள் இல்லை. இருந்தும் போட்டோம்.

மாண்டலேக்கு அந்தப் பக்கம், ஐராவதியைத் தாண்டினால் சாகாயிங் மலை. அங்கே நானே போயிருக்கிறேன். விடியும் முன்பே எழுந்து பாலி பாடம் படிக்கிறார்கள், முறை வைத்துச் சமைக்கிறார்கள், நண்பகலுக்கு மேல் வாயில் பருக்கை படுவதில்லை. தர்மாசாரியத் தேர்வில் (பௌத்த நூல்களில் உயர்நிலைத் தேர்வு) பிக்குகளோடு போட்டியிட்டுத் தேறியவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் இல்லத்தரசிகளா ஐயா?

விநயநேசன்:
உணர்ச்சிவசப்பட வேண்டாம் தம்பி. அப்பத்தா கரண்டி வைத்திருந்தார் என்பது விநய பிடக (துறவிகளின் ஒழுங்கு நூல்) ஆதாரம் ஆகாது.

முழுத் துறவு பெற்ற பெண்ணான பிக்குணிக்கு விதிகள் தேரவாதத்தில் (இலங்கை, பர்மா, தாய்லாந்து பௌத்தம்) 311. அதில் பாசித்தியம் என்கிற சிறு குற்றப் பகுதியின் 7-ஆம் விதியை எடுத்துப் பாருங்கள். பச்சைத் தானியத்தைக் கேட்டு வாங்கி, வறுத்தோ குத்தியோ சமைத்தோ உண்டால் குற்றம். அரிசி என்பது பச்சைத் தானியம். சோறு வாங்கினால் துறவி, அரிசி வாங்கினால் குடும்பஸ்தி. இதில் விவாதத்துக்கு என்ன இருக்கிறது?

கோவைத்தேன்மொழி:
அந்த விதி பிக்குணிகளுக்குத்தானே ஐயா? சயாலேக்கள் தங்களைப் பிக்குணி என்று சொல்லிக்கொள்வதே இல்லையே. அவர்கள் பெயர் திலஷின். சீலம் காப்பவர் என்று பொருள். பெரும்பாலோர் எட்டு சீலம் எடுத்தவர்கள், அதில் சமைக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. சமைக்கலாம் என்பதால்தான் ஊர் அரிசியாகவே போடுகிறது. பிக்கு சமைக்கக் கூடாது, அதனால் அவருக்குச் சோறு. இவ்வளவுதான் விஷயம்.

விநயநேசன்:
அப்படி வாருங்கள் வழிக்கு! பிக்குணி இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நன்றி அம்மா.

கோவைத்தேன்மொழி:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பிக்குணி இல்லை என்றால் துறவி இல்லை என்று ஆகிவிடுமா?

விநயநேசன்:
அரிசி வாங்குகிறார்களா இல்லையா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள்.

வன்னிக்குருவி:
ஐயா, நீங்கள் கதைக்கிற மாதிரிப் பார்த்தால் எங்கட இலங்கையில் பத்துச் சீலம் காக்கிற தச சில் மாதாக்களும் இல்லத்தரசிகள்தான். நான் அநுராதபுரத்தில் வேலை செய்த காலத்தில் பக்கத்தில் ஒரு சிறிய ஆராமை (அவர்களின் மடம்) இருந்தது. நாலு மாதாக்கள். பெரிய விகாரைக்கு ஊர்ச்சனம் முறை போட்டு தானம் கொண்டு போவார்கள், இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று. மாதாக்களிடம் முறையும் இல்லை, பட்டியலும் இல்லை. யாராவது நினைத்தால் ஒரு பை அரிசி, பருப்பு. மற்ற நாட்களில் தோட்டத்துக் கீரைதான். ஆனால் வீட்டில் ஆருக்கும் சுகமில்லை என்றால் பிரித் (காப்புச் சூத்திரங்கள்) ஓத அவர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

சோறு கொண்டுவராதது ஊர். குற்றம் மாதாக்களில் என்றால் எனக்கு விளங்கவில்லை.

விநயநேசன்:
இலங்கையில் 1998-இல் தம்புள்ளையில் பிக்குணி உபசம்பதை (முழுத் துறவு அளிக்கும் சடங்கு) நடந்தது. அதை அந்நாட்டுப் பிக்கு அமைப்புகளான மூன்று பெரிய நிகாயங்களும் இன்றுவரை ஏற்கவில்லை. நான் சொல்வதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா? பிக்குணி வரிசை அறுந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. அறுந்ததை அரிசியால் ஒட்ட முடியாது.

சும்மாஇருப்பவன்:
பழைய சோறாக இருந்தால் ஒட்டும் 😄

ரங்கூன்பேரன்:
ஐயா, 7-ஆம் விதியில் “கேட்டு வாங்கி” என்று நீங்களே எழுதினீர்கள். சயாலேக்கள் கேட்பதில்லை. வாசலில் நிற்பார்கள், பாலியில் வாழ்த்துச் சொல்வார்கள், போட்டால் போடட்டும் என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். உங்கள் விதிப்படியே குற்றம் இல்லை.

விநயநேசன்:
வீட்டு வாசலில் கிண்ணத்தோடு நின்று பாடுவது கேட்பது இல்லையா? ரயிலில் பாடிக்கொண்டு வருபவர் என்ன கச்சேரியா செய்கிறார்?

கோவைத்தேன்மொழி:
சீ. என்ன ஒப்பீடு இது.

வன்னிக்குருவி:
மணிமேகலை பாத்திரத்தோடு நின்றபோது ஆதிரை போட்டாளே, அதுவும் ரயில் பிச்சையோ?

விநயநேசன்:
ஆதிரை இட்டது சமைத்த உணவு. சோறு! நான் சொன்னதை நீங்களே நிரூபிக்கிறீர்கள்.

வன்னிக்குருவி:
அமுதசுரபியில் அரிசியைப் போட்டிருந்தாலும் பசி தீர்ந்திருக்கும். அந்தப் பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் எங்கட நயினாதீவு. எங்களுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம்.

சும்மாஇருப்பவன்:
மணிபல்லவம் நயினாதீவுதான் என்று யார் பத்திரம் எழுதிக் கொடுத்தது?

வன்னிக்குருவி:
வந்து பாருங்கோ. நாகவிகாரையும் இருக்கு, அம்மன் கோயிலும் இருக்கு.

சும்மாஇருப்பவன்:
அம்மன் கோயில் எங்கள் தெருவிலும்தான் இருக்கிறது.

மட்டுறுத்துநர்:
மணிபல்லவத்துக்குத் தனி இழை ஏற்கெனவே இரண்டு உண்டு, இரண்டும் பூட்டப்பட்டவை. இங்கே வேண்டாம்.

கோவைத்தேன்மொழி:
நான் கேட்க வந்தது வேறு. விநயநேசன் ஐயா, பணத்தைத் தொடாத பிக்குவுக்குக் காணிக்கைக் கணக்கு யார் பார்க்கிறார்கள்? பர்மாவில் பல மடங்களில் அது சயாலே வேலை. சந்தைக்குப் போவது, சமைப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர்கள். இவர்கள் கை அழுக்கானால்தான் அவர் கை சுத்தமாக இருக்கும். பிறகு “பணம் தொட்டாய், சமைத்தாய், நீ துறவி இல்லை” என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

தாய்லாந்தில் வெள்ளை உடுத்தும் பெண் துறவிகளான மே சீக்கள் கதை இன்னும் மோசம். ஓட்டுப் போடப் போனால் “நீ துறவி, உனக்கு ஓட்டு கிடையாது.” பிக்குகளுக்கு உள்ள பயணச் சலுகையைக் கேட்டால் “நீ துறவி இல்லை.” 1928-இலேயே அந்நாட்டுப் பிக்குகளின் தலைவரான சங்கராஜா பெண்களுக்குத் துறவு தரக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

விநயநேசன்:
தாய்லாந்து, தேர்தல், பயணச் சலுகை. என் கேள்வி ஒன்றே ஒன்று. அரிசியா, சோறா?

ரங்கூன்பேரன்:
தைவானுக்கும் போவோமா? ஹுவாலியனில் 1966-இல் சூச்சி (Tzu Chi) என்ற பௌத்தத் தொண்டு அமைப்பு தொடங்கியபோது அந்தப் பிக்குணிகள் அரிசியும் வாங்கவில்லை, சோறும் வாங்கவில்லை. குழந்தைக் காலணி தைத்தார்கள், பிறகு மெழுகுவத்தி செய்தார்கள். உழைக்காத நாளில் உணவில்லை என்பது அவர்கள் வழக்கம். ஊர்ப் பெண்கள் 30 பேர் மூங்கில் குழாயில் தினம் அரை தைவான் டாலர் போட்டது ஏழைகளுக்காக. பிக்குணிகளின் வயிற்றுக்காக அல்ல.

விநயநேசன்:
அது மகாயானம், பௌத்தத்தில் வேறு பிரிவு. தேரவாத விதியைப் பேசும்போது மெழுகுவத்தியைக் கொளுத்தாதீர்கள். எனக்கு முப்பது வருடப் படிப்பு. மூன்று வருடம் முன்பு இதே மன்றத்தில் உங்களுக்கு “உபாசகர்” என்றால் என்னவென்று சொல்லிக் கொடுத்தவன் நான். அப்போதும் நன்றி சொல்லவில்லை.

ரங்கூன்பேரன்:
அப்போது சொல்லாததற்குக் காரணம், நீங்கள் சொன்னது தவறு.

விநயநேசன்:
இழையின் சுட்டி என்னிடம் இருக்கிறது. எடுக்கட்டுமா?

வன்னிக்குருவி:
2003-இல் ஒரு பர்மியப் பெண் இலங்கையில் வந்து பிக்குணி ஆனார். 2005-இல் ஊர் திரும்பியவரைச் சிறையில் போட்டார்கள். பிக்குணி ஆகாவிட்டால் நீங்கள் இல்லத்தரசி என்பீர்கள். பிக்குணி ஆகிவிட்டால் பர்மா அரசு ஜெயில் தரும். இனிப் பெண்கள் என்னதான் செய்வது, ஐயாவே சொல்லட்டும்.

விநயநேசன்:
சட்டத்தைப் பற்றி நான் கருத்துச் சொல்லவில்லை. அரிசி பச்சைத் தானியம் என்றேன். அதை இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை.

கோவைத்தேன்மொழி:
அரிசி பச்சைத் தானியம் இல்லை என்று யார் சொன்னார்கள்!

விநயநேசன்:
ஆகா. மறுபடியும் நன்றி அம்மா.

சும்மாஇருப்பவன்:
ரங்கூன்பேரன் அண்ணே, ஒரு சந்தேகம். சென்னைப் பாரிமுனையில் கிடைக்கிற அத்தோ நூடுல்ஸ் உண்மையிலேயே பர்மா சாப்பாடுதானா?

ரங்கூன்பேரன்:
அப்பத்தா உயிரோடு இருந்தவரை ஒரு வாய்கூட வைக்கவில்லை, அதில் போடுகிற ஆரஞ்சு நிறத்தைப் பார்த்துவிட்டு. மொஹிங்கா என்கிற நூடுல்ஸ்தான் உண்மையானது. வாழைத்தண்டு போட்டு, மீன் குழம்பில்...

விநயநேசன்:
தலைப்பை மாற்றித் தப்பிக்க வேண்டாம். அரிசியா, சோறா?

ரங்கூன்பேரன்:
நூடுல்ஸ் ஐயா.