மூன்று கிலோவாட் சோலார், ஒரு மின்சாரக் கார்: எங்கள் வீட்டுக் கணக்கு

கோவை, வடவள்ளி

மின்சாரக் கார் வாங்கி முதல் பில் வந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அதுவரை இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் ஓடும் வீடு இது. பில் 3,100 ரூபாய் சொச்சம் வரும். கார் வந்த பிறகு 935 யூனிட், 6,300 ரூபாய். கூடுதலாக ஓடியது 315 யூனிட்தான். ஆனால் பில் இரண்டு மடங்காகிவிட்டது. மீட்டரில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தேன்.

அப்புறம் கட்டண அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2024 ஜூலையில் மாறிய கட்டணம் அது. அதன்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு அதற்கு மேல் 400 வரை யூனிட்டுக்கு 4.80 ரூபாய், 500 வரை 6.45, 600 வரை 8.55, 800 வரை 9.65, 1,000 வரை 10.70. வீட்டுச் செலவு கீழ்ப்படிகளை ஏற்கெனவே நிரப்பிவிடுவதால், கார் இழுக்கும் யூனிட் எல்லாம் மேல்படியில் போய் விழுகிறது. அந்த 315 யூனிட்டுக்கு நான் கட்டியது 3,180 ரூபாய். யூனிட்டுக்குப் பத்து ரூபாய்! கார் வாங்கிய இடத்தில் யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்து, கிலோமீட்டருக்கு எழுபது பைசா என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அது ஒரு ரூபாய் நாற்பது பைசாவுக்கு மேல்.

இதனால் கார் வாங்கியது நஷ்டம் என்று சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் 2,200 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பழைய கார் லிட்டருக்குப் பதினைந்து கொடுத்தது. பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால் 14,800 ரூபாய் ஆகியிருக்கும். பத்து ரூபாய் கொடுத்து சார்ஜ் செய்தாலும் மின்சாரம் மலிவுதான். சோலார் போடலாமா வேண்டாமா என்று இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் பில்தான் பதில் சொன்னது. கார் மேல்படியில் ஏற்றி வைக்கும் யூனிட்டைத்தானே சோலார் முதலில் இறக்குகிறது!

540 வாட் பேனல் ஆறு போட்டோம், மூன்று கிலோவாட்டுக்குச் சற்று மேல். மொத்தச் செலவு 1,95,000 ரூபாய். ஒன்றிய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பேனல் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் சோலார் செல்லும் இந்தியாவிலேயே செய்யப்பட்டதாக இருந்தால்தான் அது கிடைக்கும், விலைப்பட்டியல் வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். கையை விட்டுப் போனது 1,17,000. நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வருகிறது. இதுவரை மூன்று பில் வந்துவிட்டது, எதுவும் ஆயிரத்தைத் தொடவில்லை. கார் இல்லாமல் இதே சோலாரைப் போட்டிருந்தால் வருடத்துக்கு 18,000 ரூபாய் சொச்சம்தான் மிஞ்சியிருக்கும், போட்ட பணம் திரும்ப ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். கார் இருப்பதால் வருடம் 33,000 ரூபாய் மிஞ்சுகிறது. மூன்றரை வருடத்தில் முதல் வந்துவிடும்.

எல்லா மாதமும் ஒரே மாதிரி இருக்காது. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்து நின்றால் ஒரு நாளைக்கு ஆறு யூனிட்கூட வராது. சித்திரை வெயிலில் அள்ளிக் கொட்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பேனல் சூடேற ஏற உற்பத்தி குறையும். எனக்கு அதிகம் கொடுத்தது மாசி மாதம்.

இனி, இதை எழுத உட்கார்ந்ததற்கான உண்மையான காரணம். காரோடு வந்த சார்ஜரை முதல் இரண்டு மாதம் குளியலறைக்கு வெளியே இருந்த கீசர் பிளக்கில்தான் மாட்டினேன். 15 ஆம்பியர் பிளக்தானே, என்ன ஆகிவிடும் என்ற தைரியம். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு என் மனைவி பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது என்று எழுப்பினார். போய்ப் பார்த்தால் சாக்கெட் உருகி, பிளக் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெயினை அணைத்துவிட்டுத்தான் பக்கத்திலேயே போக முடிந்தது. உள்ளே மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கீசர் கால் மணி நேரம் ஓடும், நின்னுடும். கார் எட்டு மணி நேரம் பதினாலு ஆம்பியரை விடாம இழுக்குது. இந்த வயரும் சாக்கெட்டும் அதுக்குச் செஞ்சதில்லைங்க." மெயின் போர்டிலிருந்து நான்கு ஸ்கொயர் எம்.எம். தாமிர வயரைத் தனியாக இழுத்து, அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., மின்கசிவு வந்தால் துண்டிக்கும் தனி ஆர்.சி.சி.பி., தொழிற்சாலைகளில் போடும் கனமான சாக்கெட் என்று எல்லாவற்றையும் மாற்றினார். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியும் புதிதாகத் தோண்டினோம். எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். தயவுசெய்து காரை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

மேற்குத் தாம்பரத்திலிருந்து ஒரு பதில்

படிக்கும்போதே பதறிவிட்டது சார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே போதும்.

நான் சோலார் போட்டது 2022-ல். என் அனுபவம் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பகுதியில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. இரண்டாம் நாள் மதியம் வானம் வெளுத்து நல்ல வெயில் அடித்தது. மாடியில் பேனல் பளபளக்கிறது, கீழே ஒரு பல்பு எரியவில்லை. சோலார் இருந்தும் ஏன் இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அம்மா கேட்டார். பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும், பேட்டரி இல்லாத ஆன்கிரிட் இன்வெர்ட்டர் லைனில் மின்சாரம் இருந்தால்தான் ஓடும், லைன் போனால் தானாக நின்றுவிடும் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது. முதலில் கோபம் வந்தது. அப்புறம் முழங்கால் தண்ணீரில் நின்று கம்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களைப் பார்த்தேன். நம் வீட்டுப் பேனலிலிருந்து கரண்ட் லைனுக்குள் போனால் அவர்கள் உயிர் என்ன ஆகும்? அதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

காப்பாற்றியது கார்தான். அக்டோபரில் வாங்கிய டாடா நெக்ஸான் மின்சாரக் கார், 40.5 கிலோவாட் மணி பேட்டரி, அதாவது 40.5 யூனிட் பிடிக்கும். அதிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்கும் அடாப்டரையும் சேர்த்து வாங்கியிருந்தேன். மேட்டில் நிறுத்தியிருந்ததால் தண்ணீர் தொடவில்லை. வயரை நீட்டி ஃபிரிட்ஜ், இரண்டு விளக்கு, தெருவில் இருந்த எல்லோருடைய போன் என்று ஓட்டினோம். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மூச்சுத் திணறல், நெபுலைசர் வைத்தாக வேண்டும். காலையும் மாலையும் காருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்து அதைக் கொடுத்தோம். இரண்டு நாளில் பேட்டரி 70 சதவீதத்திலிருந்து 52-க்குத்தான் இறங்கியது. புயல் எச்சரிக்கை வந்தாலே இப்போது நூறு வரை சார்ஜ் ஏற்றி மேட்டில் நிறுத்திவிடுகிறேன்.

நிழலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்து மனையில் போன வருடம் மூன்றாவது மாடி எழும்பியது. மூன்று மணிக்கு மேல் அதன் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுகிறது. ஒரு பேனல்தானே என்று விட்டால், வரிசையாக இணைத்திருப்பதால் மற்றவற்றின் உற்பத்தியையும் அது குறைத்துவிடுகிறது. இடம் பார்க்கும்போது பக்கத்தில் காலி மனை இருந்தால், நாளை அங்கே மாடி வரும் என்று நினைத்தே பேனலை வையுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு பதில்

நான் பள்ளி ஆசிரியை. தினமும் போக வர 60 கிலோமீட்டர். பகலில் கார் பள்ளியில் நிற்கும், வீட்டில் வெயில் இருக்கும். சோலார் இருந்தும் இரவில்தான் சார்ஜ் செய்ய முடிகிறது. பகலில் நாம் லைனுக்குக் கொடுக்கும் யூனிட்டை, இரவில் எடுக்கும் யூனிட்டிலிருந்து மீட்டர் கழித்துக்கொள்வதால் பில்லில் கஷ்டமில்லை.

இங்கே பிரச்சினை உப்புக் காற்று. பத்து நாள் கழுவாமல் விட்டால் 13 யூனிட் வந்த இடத்தில் 10 தான் வருகிறது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் அதில் கழுவினேன். ஒரே மாதத்தில் கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம். அந்தத் தண்ணீரில்தான் உப்பு அதிகம் என்று யோசிக்காமல் போய்விட்டேன். இப்போது மழைநீர்த் தொட்டித் தண்ணீரும் மென்மையான துணியும்தான். விடியற்காலையில் மட்டும் கழுவுகிறேன், கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும் என்கிறார்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் போல்ட் நட்டெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டு வாங்குங்கள். பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை வெட்டிய முனைகளில் துத்தநாகப் பூச்சு போய்விடும், துரு அங்கேதான் தொடங்கும். எனக்கு ஒன்றரை வருடத்திலேயே தொடங்கிவிட்டது.

வடவள்ளி சார், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். என் கார் சில நாள் இரவில் சார்ஜ் ஏற மறுக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது. மழை பெய்த வாரம் சரியாக ஏறியது. இது எர்த் கோளாறாக இருக்குமா?

கோவை, வடவள்ளி

அம்மா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எர்த்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எனக்கும் பழைய குழி இருந்தபோது இதே சிவப்பு விளக்குதான். எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் மின்சாரத்தையே எடுக்காது, அது நம் நல்லதுக்குத்தான். மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகிவிடும், மழையில் சரியானதற்கு அது காரணமாக இருக்கலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் இருக்கிறது என்று சார்ஜ் ஓடும்போதே பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பழைய குழியில் 11 வோல்ட் காட்டியது, புதியதில் இரண்டுக்குக் கீழே. யாராவது எர்த் இல்லாமலே சார்ஜ் ஏற்றும் இணைப்பு ஒன்றைப் போட்டுத் தருகிறேன் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். அவர் பார்த்துச் சொல்லும் வோல்ட்டை இங்கே எழுதுங்கள். அதுவரை அந்தக் குழியில் தினமும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.