கறுப்பி மூன்றாம் படியிலேயே நின்றுவிட்டாள்

மொட்டைமாடி:
எங்கள் கறுப்பிக்குப் பதினோரு வயது, நாட்டு நாய். காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற நான் மாடிக்குக் கிளம்பினால் எனக்கு முன்னால் ஓடிப்போய் நிற்பாள். போன கார்த்திகையிலிருந்து மூன்றாம் படியில் நின்று, காதைச் சொறிந்துவிட்டு, ஏதோ மறந்துபோனவள் மாதிரி திரும்பிப் போக ஆரம்பித்தாள். "வயசாயிடுச்சு, மகாராணிக்கு ஏறச் சோம்பல்" என்று வீட்டில் சிரித்தோம். சோறு தின்றாள், வாலாட்டினாள், ஒருநாளும் கத்தவில்லை. வலித்தால் கத்தும் என்றுதானே நினைப்போம்?

குளிப்பாட்டும்போதுதான் கவனித்தேன். பேர்தான் கறுப்பி, கால்கள் வெள்ளை. இடது பின்னங்கால் முட்டியைச் சுற்றி அந்த வெள்ளை முடி துருப்பிடித்ததுபோலச் சிவந்திருந்தது. நக்கி நக்கி வந்த எச்சில் கறை. டாக்டரிடம் கூட்டிப்போனால் அங்கே ராணுவ நடை! பயத்தில் நொண்டலே தெரியவில்லை. "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொரு டாக்டர்தான், "தூங்கி எழுந்திருக்கும்போது வீட்டிலேயே வீடியோ எடுத்து வாங்க" என்றார். அந்த வீடியோவை இப்போது பார்த்தாலும் என்னவோபோல இருக்கிறது. முன்னங்காலை ஊன்றி, பின்பாகத்தை இழுத்து, ஒருமுறை உட்கார்ந்து, மறுபடி எழுந்தாள். தினமும் கண்ணெதிரே நடந்ததுதான்.

எக்ஸ்ரேயில் இரண்டு முட்டியும் தேய்ந்திருந்தது. சிறுநீரகம், கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு மெலாக்சிகம் என்ற வலி மருந்தை எழுதினார். சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் கூடாது. நெய்ச்சோறும் பிஸ்கட்டும் கட். டைல்ஸ் தரை வழுக்குவதால் அவள் நடக்கும் வழியெல்லாம் தேங்காய்நார் மிதியடி போட்டிருக்கிறோம். வீடு ரயில் பெட்டி மாதிரி ஆகிவிட்டது, போகட்டும். நாலாம் நாள் பால்காரரைப் பார்த்து எழுந்து ஓடினாள்.

பூனைவீடு:
இதை எழுதவே கை வரவில்லை. ஆனாலும் யாராவது ஒருவருக்கு உதவட்டும். எங்கள் பூனை மதில்மேலிருந்து விழுந்து காலைத் தூக்கியபடி நின்றது. ராத்திரி பத்து மணி. வீட்டில் நாங்கள் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமாலில் பாதியை நுணுக்கிப் பாலில் கலந்து கொடுத்தேன். குழந்தைக்கே கொடுக்கிறோமே என்ற தைரியம். விடியும்போது முகம் வீங்கியிருந்தது, மூச்சிரைத்தது. வாயைத் திறந்து பார்த்தால் ஈறு சாக்லேட் நிறம்.

அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வேலையை மனித உடல் செய்கிற மாதிரி பூனை உடல் செய்யாதாம். ரத்தத்தால் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போய்விடுகிறது. விஷமுறிவு மருந்து இருக்கிறது, ஆனால் உடனே போக வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தது மத்தியானம். பிழைக்கவில்லை. கால் எலும்புகூட முறிந்திருக்கவில்லை, சுளுக்குதான்.

திண்ணை:
அக்கா, உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். நானும் ஒரு கூத்து பண்ணியிருக்கிறேன். எங்கள் கடுவன் பூனை மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கியது. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்தேன்! டாக்டர் அடிவயிற்றைத் தொட்டதும் முகம் மாறிவிட்டது. மூத்திரம் அடைத்து, பை கல் மாதிரி இறுகிக் கிடந்தது. ஒருநாள் தாமதித்திருந்தால் போயிருக்கும் என்றார். ஆண் பூனை முக்கினால் முதலில் தட்டில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேப்பேரி மாணவி:
கால்நடை மருத்துவம் படிக்கிறேன். பூனை முகத்தைப் பார்த்தே வலியை மதிப்பிட ஒரு முறை உண்டு. 2019இல் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது. காது, கண், மூக்கு-வாய்ப் பகுதி, மீசை, தலை நிற்கும் உயரம் என்று ஐந்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். காது பக்கவாட்டில் திரும்பி, கண் இடுங்கி, தலை தோளுக்குக் கீழே தொங்கினால் வலி அதிகம். மொத்தம் 10க்கு 4 வந்தாலே வலி மருந்து தேவைப்படலாம், டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தூங்கும்போதோ சாப்பிடும்போதோ மதிப்பெண் போடக்கூடாது. அப்புறம், குர்ர்ர் என்று சத்தம் போடுவதால் சுகமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. வலியிலும் போடும்.

மெலாக்சிகம் என்றதும் ஞாபகம் வந்தது. மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தைப் போட்டு, அந்தச் சடலங்களைத் தின்ற பாறு கழுகுகள் செத்து விழுந்ததால்தான் 2006இல் நம் நாட்டில் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அதற்கு மாற்றாகச் சொல்லப்பட்டது இந்த மெலாக்சிகம்தான்.

லேப் அப்பா:
எங்கள் லேப்ரடார் நாய்க்கும் இதே கால் வலிதான், 32 கிலோ. மெலாக்சிகம் எத்தனை மில்லி கொடுக்கலாம்? வீட்டில் நாங்கள் வலிக்குப் போடும் புரூஃபென் மாத்திரை இருக்கிறது, அது பரவாயில்லையா?

வேப்பேரி மாணவி:
சார், புரூஃபென் வேண்டவே வேண்டாம். நாய்க்கு வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். அளவை நான் இங்கே சொல்ல மாட்டேன், நாயைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். நாளைக்கே கூட்டிப்போங்கள். போகும்போது மொட்டைமாடி அண்ணன் சொன்ன மாதிரி வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடி:
கறுப்பி எப்படி இருக்கிறாள் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஆறாம் படிவரை வருகிறாள். அதற்கு மேல் ஏற விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னதால் துளசித் தொட்டியை அந்தப் படிக்கே இறக்கி வைத்துவிட்டேன். தண்ணீர் ஊற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து, முன்புபோலவே என் மேல் தெறிக்கிற மாதிரி நக்கிக் குடிக்கிறாள்.