கோபோ உள்ளே இருக்குற மெமரி கார்டை மாத்தினா பூட் ஆகல. தப்பு கார்டுலயா, நான் காப்பி பண்ணதுலயா?

ஓட்டை_உடைசல்:

கையில கோபோ கிளாரா ஹெச்டிங்கிற இ-ரீடர் ஒண்ணு இருக்கு, 2018ல வந்த மாடல். இதுல வெளியிலேர்ந்து கார்டு போடுற வசதி கிடையாது. ஆனா பின்மூடியை நெம்பிக் கழட்டினா ஒரு ஆச்சரியம்: உள்ளே இருக்குற 8 ஜிபி சேமிப்பே ஒரு சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டுதான். போர்டுல சொருகி வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். அதைப் பார்த்த நாள்லேர்ந்து கை அரிக்குது.

திட்டம் ரொம்ப எளிமை. ஒரிஜினல் கார்டைக் கழட்டிப் பத்திரமா வெச்சுடணும். இன்னொரு கார்டுல நானே கட்டின ஒரு குட்டி லினக்ஸைப் போட்டு ஓட்டணும். அதுல ஒரே ஒரு புரோகிராம்தான் ஓடும்: ஒரு டெக்ஸ்ட் ஃபைல்லேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு பக்கம்னு எடுத்துப் பெரிய எழுத்துல காட்டிட்டுத் தூங்கப் போயிடணும். பட்டன் வேண்டாம், மெனு வேண்டாம். சலிச்சுப்போச்சுன்னா பழைய கார்டைச் சொருகினா பழைய ரீடர்.

முதல் படியா எதையும் மாத்தாம, இருக்கிறதை அப்படியே ஒரு 32 ஜிபி கார்டுக்கு நகல் எடுத்து ஓடுதான்னு பார்ப்போம்னு உட்கார்ந்தேன். அங்கேயே மாட்டிக்கிட்டேன்.

செஞ்சது இதுதான். லினக்ஸ் லேப்டாப்புல பழைய கார்டைப் போட்டா மூணு பார்ட்டிஷன் (கார்டைப் பிரிச்ச பகுதி) தெரியுது. ஃபைல்களை அடுக்குற முறை முதல் ரெண்டுலயும் லினக்ஸோட எக்ஸ்ட்4, மூணாவதுல ஃபேட்32. புத்தகமெல்லாம் மூணாவதுல. புதுக் கார்டுலயும் அதே வரிசையில மூணு பார்ட்டிஷன் போட்டேன், கடைசியை மட்டும் பெருசாக்கி. முழு அனுமதி உள்ள ரூட் பயனரா இருந்து, ஃபைல் அனுமதி எதுவும் மாறாம காப்பி பண்ணேன். அப்புறம் ரெண்டு பக்கமும் ஒப்பிட்டேன். ஒரு ஃபைல் குறையல.

புதுக் கார்டைச் சொருகி பவர் பட்டனை அழுத்தினா எல்இடி கூட எரியல. கடைசியா அணைச்சப்போ ஸ்கிரீன்ல வந்த படம் அப்படியே உட்கார்ந்திருக்கு. யூஎஸ்பி போட்டா டிரைவா வரல, ஆனா லேப்டாப்போட யூஎஸ்பி பட்டியல்ல ‘ஃப்ரீஸ்கேல்’னு ஒரு பேர் மட்டும் எட்டிப் பார்க்குது. பழைய கார்டைப் போட்டா உடனே உயிர் வந்துடுது, அதனால போர்டுல பிரச்சினை இல்லை.

32 ஜிபியை இது ஏத்துக்காதா? 8 ஜிபி கார்டுதான் தேடிப் பிடிக்கணுமா?

மூணாம்_மாடி:

எதுக்குங்க திறந்தீங்க? கோபோவுல சொந்த மென்பொருள் போட ஸ்க்ரூடிரைவரே தேவையில்லையே. யூஎஸ்பில மாட்டினா ‘.கோபோ’ங்கிற மறைஞ்ச ஃபோல்டர் தெரியும். அதுக்குள்ள ‘கோபோரூட்’னு பேர் வெச்ச சுருக்கக் கோப்பைப் போட்டு வெளியே எடுத்தா, ரீடரே அதை ரூட்ல (சிஸ்டத்தோட மேல்மட்ட ஃபோல்டர்ல) பிரிச்சுப் போட்டுட்டு ரீஸ்டார்ட் ஆயிடும். கோபோவுக்குப் புது மெனு சேர்க்குற நிக்கல்மெனு அப்படித்தான் உள்ளே போகுது. கேஓரீடர்ங்கிற வாசிப்பு மென்பொருளும் அதே மூணாவது பார்ட்டிஷன்லேர்ந்துதான் ஓடுது. நாலு வருஷமா அப்படித்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன், ஒரு கிளிப்பைக் கூட நெம்பினதில்லை.

ஓட்டை_உடைசல்:

அது தெரியும், கேஓரீடர் எனக்கும் பிடிக்கும். ஆனா அந்த வழியில கீழே பழைய சிஸ்டம் முழுசா ஓடிக்கிட்டேதான் இருக்கும். எனக்கு அதுவே வேண்டாம். பவர் போட்டா என் புரோகிராம் மட்டும். விளையாட்டுன்னே வெச்சுக்குங்க.

இரும்புக்கை:

கார்டு மேல பழி போடாதீங்க. 32 ஜிபி தாராளமா ஓடும். நீங்க ஃபைல்களை மட்டும் காப்பி பண்ணீங்க, ஆனா இந்த ரீடர் உயிர் பெறுறது ஃபைல்லேர்ந்து இல்லை.

யூஎஸ்பி பட்டியல்ல ஃப்ரீஸ்கேல் வருதுன்னு சொன்னீங்களே, விடையே அதுலதான் இருக்கு. இதுல இருக்குறது ஐ.எம்எக்ஸ் 6 வகைச் சில்லு. ஃப்ரீஸ்கேல் கம்பெனி வடிவமைச்சது, 2015ல அந்தக் கம்பெனி என்எக்ஸ்பியோட சேர்ந்துடுச்சு. பவர் வந்ததும் சில்லுக்குள்ள பொறிச்சிருக்குற சின்ன நிரல் முதல்ல ஓடும். அதுக்கு ஃபேட்டும் தெரியாது, எக்ஸ்ட்4ம் தெரியாது, பார்ட்டிஷனும் தெரியாது. கார்டோட தொடக்கத்துலேர்ந்து சரியா 1 கிலோபைட் தள்ளிப் போய், அங்கே ஒரு தலைப்பு இருக்கான்னு பார்க்கும். ரேமை எப்படி எழுப்பணும்ங்கிற விவரமே அந்தத் தலைப்புலதான் இருக்கு. அது கிடைக்கலைன்னா, ‘எனக்கு வேலை தெரியல, யூஎஸ்பி வழியா யாராவது சொல்லிக்கொடுங்க’ன்னு காத்திருக்கும். லேப்டாப்புல நீங்க பார்த்த பேர் அதுதான். ரீடர் சாகலை, கேட்டுக்கிட்டு நிக்குது.

பழைய கார்டுல முதல் பார்ட்டிஷன் எங்கே தொடங்குதுன்னு பாருங்க. அதுக்கு முன்னால நிறைய ‘காலி’ இடம் இருக்கும். அந்தக் காலி இடத்துலதான் எல்லாமே இருக்கு: யூ-பூட் (சிஸ்டத்தைத் தொடங்கி வைக்கிற நிரல்), கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி), உங்க ரீடரோட வரிசை எண், எந்த ஸ்கிரீன் எந்த பேட்டரின்னு சொல்ற வன்பொருள் குறிப்பு, ஸ்கிரீனோட வேவ்ஃபார்ம் (புள்ளிகளை எப்படி மாத்தணும்ங்கிற மின்துடிப்பு அட்டவணை). எதுக்கும் ஃபைல் பேர் கிடையாது. அதனாலதான் ஒப்பிட்டுப் பார்த்தப்போ ஒரு ஃபைலும் குறையல.

புதுக் கார்டுல பார்ட்டிஷன் போட்டப்போ கருவி சொன்ன இடத்தையே ஒத்துக்கிட்டிருந்தீங்கன்னா முதல் பார்ட்டிஷன் 1 எம்பியில தொடங்கியிருக்கும். ஒரிஜினல்ல அது ரொம்பத் தள்ளி. ஆகவே இப்போ தலைப்பகுதியை மட்டும் கொண்டுவந்து ஒட்டலாம்னு நினைச்சா, அது உங்க பார்ட்டிஷன் மேலேயே ஏறி உட்காரும். போட்டதை அழிச்சுட்டு முதல்லேர்ந்து வாங்க:

பழைய கார்டை லேப்டாப்புல போட்டு, எதையும் மவுன்ட் பண்ணாம (திறந்து இணைக்காம), பைட் பைட்டா நகல் எடுக்குற டிடி கட்டளையால முழு கார்டையும் ஒரே இமேஜ் ஃபைலா எடுங்க. கார்டோட பேரா ‘எஸ்டிபி1’ கொடுக்காதீங்க, ‘எஸ்டிபி’ கொடுங்க. இந்த வகைப் பேர் கடைசியில எண் இருந்தா நீங்க எடுக்குறது ஒரு பார்ட்டிஷன் மட்டும். எந்தக் கார்டு எந்தப் பேர்ல வந்திருக்குன்னு ரெண்டு தடவை பாருங்க. மூலத்தையும் இலக்கையும் மாத்திப் போட்டா டிடி கேள்வி கேட்காது. நான் ஒரு தடவை மாத்திப் போட்டு, லேப்டாப்போட வீட்டு ஃபோல்டரையே ஒரு இ-ரீடர் ஆக்கினவன். அந்த இமேஜை ரெண்டு இடத்துல வையுங்க. உங்க வரிசை எண் அதுக்குள்ளதான் இருக்கு, அதனால யார் கேட்டாலும் இணையத்துல ஏத்தாதீங்க.

பிறகு இமேஜைப் புதுக் கார்டுல எழுதி, சிங்க் கொடுத்து (எழுதினது முழுசா கார்டுல இறங்க), திரும்பப் படிச்சு ஒப்பிடுங்க. புதுக் கார்டு பெருசு, அதனால இமேஜோட நீளம் வரைக்கும் மட்டும் படிக்கணும். முழுசாப் படிச்சா கட்டாயம் பொருந்தாது, வீணாப் பயப்படுவீங்க. பொருந்தினா ரீடர்ல போட்டுப் பூட் பண்ணுங்க. பூட் ஆன பிறகுதான் மூணாவது பார்ட்டிஷனைப் பெருசாக்குறது. தொடக்கப் புள்ளி நகரக் கூடாது, முடிவை மட்டும் இழுக்கணும்.

அதுக்கும் முன்னால புதுக் கார்டு உண்மையிலேயே 32தானான்னு எஃப்3 கருவி வெச்சுச் சோதிங்க. சின்னக் கார்டைப் பெருசுன்னு பொய் சொல்ல வைக்கிற போலிகள் உண்டு. முதல் 8 ஜிபி ஒழுங்கா ஓடும், புத்தகம் சேரச் சேர பழசு மேலேயே புதுசு எழுதப்படும். உங்களுக்குத் தெரியவர்றதுக்குள்ள மாசக்கணக்காயிடும்.

விண்டோஸ்ல இந்தக் கார்டைச் சொருகவே சொருகாதீங்க. எக்ஸ்ட்4 அதுக்குப் புரியாது, ‘இந்த டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணட்டுமா’ன்னு கேட்கும். தூக்கக் கலக்கத்துல ‘சரி’ன்னு அழுத்தினவங்க உண்டு.

கிண்டிக்_கிளறி:

இவ்வளவு பாடு எதுக்கு? பழைய நூக் சிம்பிள் டச் இ-ரீடர் ஒண்ணு பிடிங்க, 2011 மாடல். பக்கத்துலயே மைக்ரோ எஸ்டி ஓட்டை இருக்கு, மூடியைத் தொடவே வேண்டாம். அதுல ஓமேப் சில்லு. அது முதல்ல கார்டைத்தான் பார்க்கும், அங்கே பூட் பண்ண ஏதும் இருந்தா உள் நினைவகத்தை எட்டிக்கூடப் பார்க்காது. கார்டை உருவினா பழைய நூக். நீங்க கேட்ட அதே திட்டம்.

இரும்புக்கை:

பாதி சரி. கார்டுலேர்ந்து பூட் ஆகுறது வேற, உள்ளே ஒண்ணும் மாறாம இருக்குறது வேற. நூக்மேனேஜர்ங்கிற கருவி கார்டுலேர்ந்துதான் பூட் ஆகுது, ஆனா ரூட் பண்ண (பூட்டை உடைச்சு முழு அனுமதி எடுக்க) சொன்னா எழுதுறது உள் நினைவகத்துல. கார்டை உருவினாலும் அந்த மாற்றம் போகாது. அதனால அங்கேயும் முதல் வேலை முழு பேக்கப்தான். அதுலயும் சாதனத்துக்கே உரிய விவரங்கள் ஒரு தனிப் பார்ட்டிஷன்ல இருக்கு, அது போனா இன்னொருத்தர் நூக்லேர்ந்து எடுத்து ஒட்ட முடியாது.

ஓமேப்புக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. கார்டுல முதல் பார்ட்டிஷன் ஃபேட்டா, பூட் அடையாளத்தோட இருக்கணும். ‘எம்எல்ஓ’ங்கிற முதல்கட்டத் தொடக்க ஃபைலை எல்லாத்துக்கும் முன்னால காப்பி பண்ணணும். எல்லா ஃபைலையும் மொத்தமா இழுத்துப் போட்டுட்டுப் பூட் ஆகலைன்னு புலம்புறவங்க பாதிப் பேர் தடுக்கி விழுறது இதுலதான்.

ஓட்டை_உடைசல்:

இரும்புக்கை அண்ணே, கும்பிடு. முழு இமேஜ் எடுத்து எழுதினேன், முதல் அழுத்துலயே எல்இடி வந்துடுச்சு. முதல் பார்ட்டிஷன் எங்கே தொடங்குதுன்னு பார்த்துட்டுச் சிரிப்புதான் வந்தது. நான் 1 எம்பிலதான் தொடங்கியிருந்தேன்.

ஒரிஜினல் கார்டு இப்போ ஒரு உறைக்குள்ள, மேல ‘தொடாதே’ன்னு எழுதி வெச்சிருக்கேன். எனக்கு நானே எழுதினது.

அடுத்த கட்டத்துக்கும் போயாச்சு. யூ-பூட்டையும் கெர்னலையும் தொடல. முதல் பார்ட்டிஷனை மட்டும் காலி பண்ணி பிஸிபாக்ஸும் (அடிப்படை லினக்ஸ் கட்டளைகளோட தொகுப்பு) ரெண்டு ஸ்கிரிப்ட்டும் போட்டேன். பவர் போட்டா... ஸ்கிரீன்ல பழைய படம். ரெண்டு ராத்திரி இதோட மல்லுக்கட்டினேன். கெர்னல் தொங்குதுன்னு நினைச்சு ஸ்கிரிப்ட்டை ஏழு தடவை திருத்தி எழுதினேன், ஏழு தடவையும் மூடியைத் திறந்தேன். கடைசியில யூஎஸ்பி நெட்வொர்க்கை எழுப்பி டெல்நெட்ல (நெட்வொர்க் வழியா கட்டளை கொடுக்குற வழி) நுழைஞ்சா, உள்ளே எல்லாம் ஜம்முனு ஓடிக்கிட்டிருக்கு! ஃப்ரேம்பஃபர்ல (ஸ்கிரீனுக்கான நினைவகத்துல) என் படம் இருக்கு. ஸ்கிரீன் மட்டும் அசையல. ஸ்கிரீன் கேபிள் ஏதும் விட்டுப்போச்சா?

இரும்புக்கை:

கேபிள் நல்லாத்தான் இருக்கு. இ-இங்க் ஸ்கிரீன் மின்சாரம் இல்லாமலே கடைசிப் படத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். எல்சிடி மாதிரி இங்கே ‘கறுப்பு ஸ்கிரீன்’னு ஒரு அறிகுறியே வராது. செத்த ரீடரும் தூங்குற ரீடரும் ஓடுற ரீடரும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

இந்தக் கெர்னல்ல ஃப்ரேம்பஃபர்ல எழுதினா மட்டும் போதாது. எழுதின பிறகு, இந்தச் சதுரத்தைப் புதுப்பின்னு டிரைவருக்குத் தனியா ஒரு ஐஆக்டில் அழைப்பு போகணும். எந்த முறையில புதுப்பிக்கணும்னும் அதுலயே சொல்லணும். ஜிசி16 பதினாறு சாம்பல் நிறமும் தரும், ஏறக்குறைய 450 மில்லிசெகண்ட் எடுக்கும். ஏ2 கறுப்பு வெள்ளை மட்டும், ஏறக்குறைய 120 மில்லிசெகண்ட். நாளைக்கு ஒரு பக்கம்தானே, யோசிக்காம ஜிசி16ஐ முழு ஸ்கிரீனுக்கும் போடுங்க, பழைய எழுத்தோட நிழல் தங்காது. நீங்களே அழைப்பை எழுத வேண்டாம்னா எஃப்பிஇங்க் கருவி இருக்கு, ஷெல்லேர்ந்தே கூப்பிடலாம்.

இன்னொண்ணு. இனிமே ஸ்கிரிப்ட்டோட முதல் வரியில எல்இடியை ரெண்டு தடவை சிமிட்ட வையுங்க. ஸ்கிரீன் வரலைன்னாலும் ஆள் உயிரோட இருக்கான்னு தெரியும். ஏழு தடவை மூடியைத் திறந்திருக்க வேண்டியதில்லை. ஸ்கிரீனுக்கு அடியில கண்ணாடி, நெம்புறது பிசகினா விரிசல்தான். அப்புறம் கார்டு எத்தனை இருந்து என்ன.

ஓட்டை_உடைசல்:

எஃப்பிஇங்க் போட்டேன், ஸ்கிரீன் ஒரு மின்னு மின்னி முதல் பக்கம் வந்துடுச்சு! ஆனா தமிழ் ஃபான்ட் கொடுத்து ‘கொண்டாட்டம்’னு எழுதச் சொன்னா, கொம்பு ககரத்துக்கு முன்னால வராம பின்னால போய் நிக்குது.

மூணாம்_மாடி:

இது எனக்குத் தெரிஞ்ச ஏரியா. யூனிகோட்ல கொம்பு மெய்க்குப் பின்னாலதான் சேமிக்கப்படும். அதைத் தூக்கி முன்னால வைக்கிறது ஹார்ஃப்பஸ் மாதிரி ஒரு வடிவமைப்பியோட வேலை. எஃப்பிஇங்க் எழுத்தை வந்த வரிசையிலேயே வரையும், ஃபான்ட்டை மாத்தியும் பயனில்லை. கேஓரீடர்ல ஹார்ஃப்பஸ் இருக்கு, அதான் அங்கே தமிழ் ஒழுங்கா வருது. உங்களுக்கு நாளைக்கு ஒரு பக்கம்தானே? லேப்டாப்புலயே எழுத்தை ஒழுங்கா அடுக்குற பேங்கோ மென்பொருளை வெச்சு ஒவ்வொரு பக்கத்தையும் 1072க்கு 1448 பிக்சல் சாம்பல் படமா மாத்தி கார்டுல கொட்டிடுங்க. ரீடர் படத்தை மட்டும் காட்டட்டும்.

ஓட்டை_உடைசல்:

அப்படியே பண்ணிட்டேன். 365 படம், மூணாவது பார்ட்டிஷன்ல. எல்இடி ரெண்டு தடவை சிமிட்டுது, ‘கொண்டாட்டம்’ல கொம்பு முன்னால நிக்குது. பின்மூடியில ஒரு கிளிப் மட்டும் உடைஞ்சுபோச்சு. டேப் ஒட்டியிருக்கேன்.