ஹம்பி – ஆனெகுந்தி: துங்கபத்ரைப் பள்ளத்தாக்கில் மலை மிதிவண்டிக்கு எந்தத் தடம் ஏற்றது?

கேள்வி: ஓசூர்_மிதிவண்டி

வணக்கம். ஓசூரிலிருந்து நாங்கள் மூவர் டிசம்பர் கடைசியில் ஹம்பிக்குச் சென்று இரண்டு நாள் சைக்கிள் ஓட்ட எண்ணியிருக்கிறோம். மூவரிடமும் இருப்பவை முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் கொண்ட 29 அங்குல வண்டிகள். தளி, அஞ்செட்டிப் பக்கத்து மண்சாலைகளில் ஒரே நாளில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிய பழக்கம் உண்டு.

செயலி ஒன்றில் கிடைத்த பழைய தடம், விட்டலர் கோயிலை ஒட்டிய பாறைகளின் மேலேறிச் சென்று, தலாரிகட்டா என்ற இடத்தில் பாலத்தின் வழியாகத் துங்கபத்ரையின் மறுகரையிலுள்ள ஆனெகுந்திக்குக் கடப்பதாகக் காட்டுகிறது. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் அவ்விடத்தில் முழுமையான பாலம் எதுவும் தென்படவில்லை. ஆற்றை எங்கே கடப்பது, எந்தக் கரையில் அதிக நேரம் செலவிடுவது, டயர் விஷயத்தில் என்ன ஏற்பாடு செய்வது என்பவற்றை அங்கே ஓட்டியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கோயில்களைப் பார்க்க வேறொரு முறை குடும்பத்துடன் வருவோம். இம்முறை ஓட்டமே முதன்மை.

பதில்: வாய்க்கால்_கரையோரம்

அந்தத் தடத்தை நம்ப வேண்டாம். தலாரிகட்டாவில் கட்டிக்கொண்டிருந்த பாலம் 2009 ஜனவரியில் இடிந்து விழுந்துவிட்டது. அங்கே இப்போது படகில்தான் கடக்க வேண்டும். தரைவழியாகப் போக வேண்டுமானால் கிழக்கே புக்கசாகரத்தையும் கடேபாகிலுவையும் இணைக்கும் பாலம் இருக்கிறது. சுற்று சற்று நீளம், ஆனால் எந்த நேரத்திலும் போகலாம். சொல்லப்போனால் இந்த ஆற்றில் பாலம் என்பதே நெடுநாள் சிக்கல்தான். விட்டலர் கோயிலுக்குக் கீழே, விஜயநகரக் காலத்துப் பாலத்தின் கல்தூண்கள் வரிசையாகத் தண்ணீருக்குள் நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

ஹம்பி என்றதும் எல்லோரும் பாறையைத்தான் நினைக்கிறார்கள். நான் நான்கு முறை சென்று வந்ததில் கண்டது, அங்கே சைக்கிளுக்கு உண்மையான பாதை வாய்க்கால் கரைகள்தான் என்பது. ஆற்றின் குறுக்கே அணைக்கட்டுகளைக் கட்டி, பாறைக் குன்றுகளை வளைத்து வளைத்து விஜயநகர அரசர்கள் கொண்டுசென்ற வாய்க்கால்கள் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றில் துர்த்தா வாய்க்கால், கோயில்கள் உள்ள பகுதிக்கும் அரண்மனைகள் இருந்த பகுதிக்கும் நடுவிலுள்ள தாழ்நிலத்தில் வாழைக்கும் நெல்லுக்கும் நீர் தருகிறது. தண்ணீர் மிக மெல்லிய சரிவிலேயே போக வேண்டும் என்பதற்காக அமைந்த பாதை ஆகையால் கரையில் ஏற்றமே தெரியாது. ஒரு பக்கம் கலங்கலான நீர், மறுபக்கம் வாழைத்தோப்பு, தலைக்கு மேலே தொங்குவதுபோல் உருண்டைப் பாறைகள். சில இடங்களில் கரை இரண்டு முழ அகலம்தான் இருக்கும். எதிரே எருமை வந்தால் நீங்கள்தான் இறங்க வேண்டும், எருமை இறங்காது.

முந்தின இரவு ஹம்பியை அடுத்த கமலாபுரத்தில் தங்கி, முதல் நாள் விடியற்காலையில் புறப்படுங்கள். கமலாபுரம் ஏரிக்கரை, பிறகு தலாரிகட்டா கோட்டைவாசல் வழியே படகுத்துறை. மறுகரை ஏறினால் ஆனெகுந்தி. விஜயநகரம் (இன்றைய ஹம்பி) தலைநகராவதற்கு முன்பே கோட்டை கொண்டிருந்த ஊர் அது. இன்று வாழைநாரில் பை பின்னும் சிற்றூராக இருக்கிறது. அங்கே தங்கி, மறுநாள் காலை மேற்கே பம்பா சரோவரம், அஞ்சனாத்ரிக் குன்றின் அடிவாரம், ஹனுமனஹள்ளி, சானாபுரம் ஏரி என்று போய்விட்டு, பிற்பகலில் புக்கசாகரம் பாலம் வழியாகத் திரும்புங்கள். தார்ச்சாலை அகலமானதல்ல, அதை விட்டு விலகி வயலுக்குள் செல்லும் மண்தடங்களில்தான் ஓட்டத்தின் சுவை. அஞ்சனாத்ரிக்கு 575 படிகள் என்பார்கள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏற நினைக்க வேண்டாம்.

வழி கேட்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கன்னடத்தில் 'கெரெ' என்பதுதான் நாம் சொல்லும் ஏரி. அவர்கள் 'ஏரி' என்றால் அதன் கரை. "ஏரி மேலே போ" என்று ஒரு பெரியவர் சொன்னதைக் கேட்டு, தண்ணீர் மேல் எப்படிப் போவது என்று முதல் தடவை நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

பதில்: கருங்கல்_காதலன்

மேலே சொன்னவருடன் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் பாறையை அப்படி ஒதுக்கிவிடக் கூடாது. அங்குள்ள கருங்கல் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. அதன் மேற்பரப்பு உப்புத்தாள்போல் சொரசொரப்பாக இருப்பதால், உலர்ந்த நாளில் ஏற முடியாது என்று தோன்றும் சரிவில்கூட டயர் வழுக்காமல் பிடிக்கும். சானாபுரம் ஏரியைச் சுற்றியுள்ள விரிந்த பாறைத் தளங்களில் மெதுவாக ஏறி இறங்கிப் பழகுவது தனி அனுபவம். கருமையாக நீர் வடிந்த தடம் உள்ள இடத்தை மட்டும் தவிர்க்கவும். காய்ந்திருப்பதாகத் தோன்றினாலும் அங்கே பாசி படிந்திருக்கும்.

எது வெறும் பாறை, எது நினைவுச் சின்னம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். 1986-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஹம்பி, 1999 முதல் 2006 வரை ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் இருந்தது. பாறையில் வெட்டிய படிகள், கோட்டைச் சுவரின் சரிந்த கற்கள், வழியோரத்து மண்டபத்தின் மேடை ஆகிய எவற்றின் மீதும் சைக்கிளை ஏற்றக் கூடாது. உங்கள் தடத்தில் விட்டலர் கோயிலை ஒட்டி வரும் பகுதியை அப்படியே நீக்கிவிடுங்கள். காணொளிக்காகப் படிக்கட்டில் குதித்து இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர்க் கோயில் பிரகாரத்தில் அப்படிச் செய்ய அவர்களுக்கு மனம் வருமா என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஒன்று கிடைத்தால் கங்காவதிக்கு அருகிலுள்ள ஹிரே பெணகல் செல்லுங்கள். விஜயநகரத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் குன்றின் மேல் நூற்றுக்கணக்கில் உள்ளன. பலகைக் கற்களை நிறுத்தி அவற்றின் மேல் மூடுகல் வைத்த சிறு வீடுகள்போல் இருக்கும். அடிவாரத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்துதான் ஏற வேண்டும்.

இன்னொன்று. கரடியும் சிறுத்தையும் நடமாடும் குன்றுகள் இவை. மாலை ஐந்தரைக்குள் ஊருக்குள் இருங்கள். ஹெட்லைட் இருக்கிறதே என்ற தைரியம் வேண்டாம்.

பதில்: பஞ்சர்_பண்டிதர்

டயரைப் பற்றிக் கேட்டதற்கு யாரும் விடை சொல்லவில்லை. அங்கே உங்கள் எதிரி பாறை அல்ல, முள். வாய்க்கால் கரையில் நெருஞ்சி, மேட்டு நிலத்தில் சீமைக்கருவேலம். ட்யூபோடு சென்ற முதல் பயணத்தில் ஒரே காலையில் எனக்கு ஐந்து பஞ்சர். ஐந்தாவதை ஒட்டும்போது முன் சக்கரத்திலிருந்து மட்டும் பதினோரு நெருஞ்சி முட்களைக் குறடால் பிடுங்கி எடுத்தேன். மறுமுறை ட்யூப் இல்லாத டியூப்லெஸ்ஸாக மாற்றி, முள் குத்திய ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவத்தை ஒவ்வொரு சக்கரத்திலும் 100 மில்லி ஊற்றிச் சென்றேன்; காற்றடிக்கும் வேலையே வரவில்லை. முள் தைத்திருந்தால் அதை வழியில் பிடுங்காதீர்கள், இரவு தங்குமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம். 2.25 அங்குல டயருக்கு 25 பி.எஸ்.ஐ. அளவில் காற்று இருந்தால் பாறைக்கும் மண்ணுக்கும் பொருந்தும். உதிரி ட்யூப் ஒன்றை மட்டும் எப்படியும் பையில் வையுங்கள். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் சீலன்டால் பயனில்லை.

பெங்களூரிலிருந்து இரவு ரயிலில் ஹொசபேட்டையில் இறங்கினால் ஹம்பி 13 கிலோமீட்டர்தான், ஓட்டியே போய்விடலாம். சரக்குப் பெட்டியில் சைக்கிளை ஏற்றுவதானால் பெடல்களைக் கழற்றி, பின்பக்க கியர் மாற்றியைத் தனியே அவிழ்த்து அட்டையில் சுற்றிக் கட்டிவிடுங்கள். ஒருமுறை நான் அப்படிச் செய்யாததால் அதைத் தாங்கும் கொக்கி வளைந்து, இரண்டு நாளும் மூன்றே கியரில் ஓட்டினேன்.

படகைப் பற்றி: மேலே சில மைல் தொலைவில் துங்கபத்ரை அணை இருக்கிறது. மொத்தம் 33 மதகுகள். 2024 ஆகஸ்டில் அவற்றுள் 19-ஆம் மதகு சங்கிலி அறுந்து அடித்துச் செல்லப்பட்டது நினைவிருக்கலாம். அணையில் நீர் திறந்தால் படகும் பரிசலும் நின்றுவிடும். டிசம்பரில் அதற்கான வாய்ப்பு குறைவு, ஆயினும் முந்தின நாள் மாலையே துறையில் விசாரித்துவிடுங்கள். பரிசலில் சைக்கிளை ஏற்றுவதானால் ஒன்று ஒன்றாக, சங்கிலிப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவைத்து ஏற்றுங்கள். அது மூங்கில் பின்னலின் மேல் பாய் இழுத்துக் கட்டியது. பெடல் முனை குத்தினால் பரிசல்காரரின் பிழைப்பில் ஓட்டை விழும்.

ஓசூர்_மிதிவண்டி

மூவருக்கும் நன்றி. டியூப்லெஸ் மாற்றத்துக்கு இன்றே வண்டிகளைக் கடையில் விட்டுவிட்டோம். ஒரு சந்தேகம்: போகும்போது புக்கசாகரம் பாலம், திரும்பும்போது படகு என்று மாற்றிக்கொண்டால் என்ன? இரண்டாம் நாள் மாலையில் களைத்து வரும்போது படகு குறுக்குவழியாக இருக்குமே.

வாய்க்கால்_கரையோரம்

அப்படி மாற்ற வேண்டாம். காலையில் துறைக்குப் போய்ப் படகு இல்லை என்றால், பகல் முழுவதும் கையில் இருக்கிறது, பாலத்துக்குத் திரும்பிக்கொள்ளலாம். மாலை ஐந்தரை மணிக்கு மறுகரையில் நின்றுகொண்டு கடைசிப் படகு போய்விட்டது என்று தெரிந்தால் இருட்டில்தான் கடேபாகிலு சுற்ற வேண்டியிருக்கும். கரடியைப் பற்றி மேலே ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். மேலும் இரண்டாம் நாள் காலையில் ஆனெகுந்தியிலிருந்து மேற்கே போகையிலும் பிற்பகலில் பாலத்தை நோக்கிக் கிழக்கே வருகையிலும் வெயில் முதுகில்தான் அடிக்கும், கண் கூசாது. புக்கசாகரம் தாண்டியதும் கமலாபுரம் வரை சாலையோரமெங்கும் கரும்பும் வாழையும்தான், மெதுவாக வாருங்கள்.